குண்டு மிளகாய் வாடை

அந்தப் பெண்மணி கேப்பர் மலையிலிருந்து நேராக வந்திருந்தாள். ஜெயிலில் கணவனைப் பார்த்துவிட்டு டவுன் பஸ் பிடித்து, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு மணவாளனின் மாடி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். வக்கீல்தான் இங்கே போகச் சொன்னாராம். பிரிசில்லா கொடுத்த தண்ணீரை அவள் கையிலேயே வைத்திருந்தாளே தவிர, குடிக்கவில்லை.

2009-ஆம் வருடம், வைகாசி மாத வெயில். மணவாளன் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்து, திருட்டு கேஸ்களை விசாரித்துக் கொடுப்பவர். குறைவாகப் பேசுவார். பிரிசில்லா கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, வாத்தியார் வேலைக்குப் போகச் சொன்ன அப்பாவிடம் ஒரு வருடம் தவணை கேட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவள். தவணை முடியப்போகிறது. அதற்குள் ஒரு நல்ல கேஸாவது வராதா என்று அவள் காத்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு மிளகாய் அரைக்கிறவருங்க. அதுவே குத்தமாப் போச்சி," என்றாள் வந்தவள்.

அவள் பெயர் சின்னம்மாள். கணவர் சிங்காரம் சிதம்பரம் மேலவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மில் வைத்திருக்கிறார். மில்லுக்கு இரண்டு கடை தள்ளி சடையப்பன் என்பவரின் நகைப் பட்டறை. மூன்று நாளைக்கு முன் மத்தியானம், சடையப்பனின் மச்சான் அறிவழகன் ஒரு பழைய அட்டிகையை எடுத்துக்கொண்டு, அதன் சொந்தக்காரர் பட்டம்மாள் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். பட்டம்மாளின் மகள் இளமதிக்கு அடுத்த வாரம் திருவந்திபுரத்தில் கல்யாணம். சந்தின் வளைவில் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் குறுக்கே வந்து அறிவழகனின் முகத்தில் மிளகாய்த் தூளை வீசிவிட்டு, பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டானாம்.

சிங்காரத்தைப் போலீஸ் பிடித்ததற்குக் காரணங்கள் இருந்தன. மில்லிலிருந்து நெடி வருகிறது, பட்டறையில் உட்கார முடியவில்லை என்று போன மாதம் சடையப்பன் சண்டை போட்டிருக்கிறார். அப்போது சிங்காரமும் பதிலுக்குக் கத்தியிருக்கிறார். சம்பவம் நடந்த நேரத்தில் சிங்காரம் மில்லில் இல்லை. அண்ணாமலை நகரில் ஒரு மெஸ்ஸுக்குத் தூள் கொடுக்கப் போனதாகச் சொல்கிறார். ஆனால் மெஸ் பூட்டியிருந்ததால் திரும்பி வந்துவிட்டார், பார்த்தவர்கள் யாருமில்லை. சட்டை முழுக்க மிளகாய்த் தூள் வேறு.

"அறிவழகன் உங்க வீட்டுக்காரர் பேரைச் சொன்னாரா?" என்று கேட்டார் மணவாளன்.

"பேரைச் சொல்லலீங்க. ஹெல்மெட் போட்டிருந்தான், மூஞ்சி தெரியலன்னுதான் சொன்னாராம். ஆனா வீசினது குண்டு மிளகாய்த் தூளு, வாடையிலேயே தெரிஞ்சிச்சின்னு போலீஸ்ல சொல்லியிருக்காரு. அந்தப் பக்கத்துல குண்டு மிளகாய் அரைக்கிறது நாங்க மட்டுந்தான். சாம்பார்த் தூளுக்குக் குண்டும், காரத்துக்கு நீட்டு மிளகாயும் அரைப்போம். வேற எதையும் மில்லுல ஏத்த மாட்டோம்."

மில் சாவி அவளிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார் மணவாளன். இருந்தது.

மறுநாள் காலை அவர்கள் சிதம்பரம் போனார்கள். சின்னம்மாள் மில் கதவைத் திறந்ததும் பிரிசில்லாவுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. மெஷின் ஓடி நான்கு நாளாகியும் சுவரில் படிந்திருந்த தூள் மூக்கில் ஏறியது. கண்ணைக் கசக்கப் போனவளின் கையைச் சின்னம்மாள் பிடித்துக்கொண்டாள். சுவரைத் தொட்ட கையால் கண்ணைத் தொட்டால் சாயங்காலம் வரைக்கும் எரியும் என்றாள். மூலையில் இரண்டு மூட்டைகள். ஒன்றில் குண்டு, மற்றொன்றில் நீட்டு. மணவாளன் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டையும் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

சந்து முனையில் தில்லையம்மாளின் டீக்கடை. அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அன்றைக்கு அறிவழகனின் கூச்சலைக் கேட்டு முதலில் ஓடியவள் அவள்தான். அவளே சொம்புத் தண்ணீரால் முகத்தைக் கழுவிவிட்டு, முந்தானையால் துடைத்தும் விட்டிருக்கிறாள்.

"தரையெல்லாம் செக்கச்செவேல்னு கெடந்துச்சி. தம்பி கண்ணைத் தெறக்கவே இல்ல. கடையில கூட்டம், இந்தப் பய அழுவுறான். அந்த முந்தானையாலேயே இவன் மூக்கையும் துடைச்சேன், அழுகைய நிறுத்திட்டான், டீ ஆத்த வந்துட்டேன். பொடவையில புடிச்ச கறை இன்னும் போவல," என்று முந்தானையைக் காட்டினாள். மங்கிய மஞ்சள் சேலையின் ஓரத்தில் குங்குமம் கொட்டியதுபோல் ஒரு கறை.

மணவாளன் டீ குடித்தபடியே, அறிவழகன் இங்கே வருவாரா என்று விசாரித்தார். தினமும் வருவார், ஆனால் டீயைத் தொடமாட்டார், வயிற்றுப்புண், பால் மட்டும்தான் என்றாள் தில்லையம்மாள். பிரிசில்லா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் மனம் முழுவதும் ஹெல்மெட்காரன் மேல்தான் இருந்தது. அவன் எந்தப் பக்கம் ஓடினான் என்பதை யாருமே பார்க்கவில்லையே என்பதுதான் அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

பட்டறை சின்னது. சடையப்பனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நொந்துபோயிருந்தார். சம்பவத்தன்று அவர் பாண்டிச்சேரியில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தார். அட்டிகைக்கு மெருகு போட்டாகிவிட்டது. கொக்கி மட்டும் தளர்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருகிறார்கள், நகையைக் காட்ட வேண்டும் என்று பட்டம்மாள் போன் செய்ததால், கொக்கி வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இருக்கிறபடியே கொண்டுபோய்க் கொடு என்று மச்சானிடம் போனில் சொல்லியிருக்கிறார்.

"நாலு பச்சைக்கல்லு வச்ச அட்டிகைங்க. பட்டம்மாளோட மாமியார் போட்டது. பச்சைக்கல்லு நெருப்பு தாங்காது. கொக்கியை ஒட்ட நெருப்பு ஊதிப் பத்த வைக்கணும்னாலும் கல்லை எறக்கிட்டுத்தான் செய்யணும். அதான் நானே வந்து செய்யறேன்னேன்."

இப்போது பட்டறையில் பச்சைக்கல் நகை வேறு ஏதாவது இருக்கிறதா என்று மணவாளன் கேட்டார். இந்த வருடத்தில் வந்தது அது ஒன்றுதான் என்றார் சடையப்பன். பாண்டிச்சேரிக்குப் போகும்போது உமியோட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போனதாகவும், திரும்பி வந்த பிறகு நெருப்பு மூட்ட மனசே வரவில்லை என்றும் சொன்னார். உமியோடு என்பது நகை வேலைக்கு உமி போட்டு நெருப்பு வைக்கும் மண்சட்டி. மணவாளன் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சாம்பலை விரலால் கிளறி, எதையோ எடுத்துக் காகிதத்தில் மடித்தார். உடைந்த கண்ணாடி வளையல் துண்டுபோல ஏதோ பச்சையாக மின்னியதைப் பிரிசில்லா பார்த்தாள்.

அறிவழகன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள்தான். கண்கள் தெளிவாக இருந்தன. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். டிபன் கேரியரில் செக்கச்செவேலென்று கத்தரிக்காய்க் குழம்பு. அதைச் சோற்றில் தாராளமாக ஊற்றிப் பிசைந்தபடியே, ஹெல்மெட், முழுக்கை சட்டை, குண்டு மிளகாய் வாடை என்று போலீசில் சொன்னதையே திரும்பச் சொன்னார். மிளகாயை அவ்வளவு துல்லியமாக எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று பிரிசில்லா கேட்டாள்.

"பக்கத்துலயே மில்லு. தெனம் அந்த வாடையிலதானே ஒக்காந்திருக்கோம்," என்றார் அவர்.

வெளியே வந்ததும் மணவாளன், கீழவீதியில் பெரிய மளிகைக் கடையாகப் பார்த்து, வற்றல் மிளகாய் என்னென்ன வகை விற்கிறதோ அத்தனையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்டாள். சாப்பிட்டுப் பார்க்கத்தான் என்றார்.

மளிகைக் கடை வாசலில் மூட்டைகள் வாய் திறந்து வரிசையாக இருந்தன. பிரிசில்லா சமையலறையில் வளர்ந்த பெண்தான். ஆனால் மிளகாயை இப்படி நின்று பார்த்ததில்லை. குண்டு மிளகாய் கோலிக்குண்டுபோல உருண்டை. காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலத்தது. நீட்டு மிளகாய் வழவழவென்று விரல் நீளம், தோல் மெல்லிசு, கிள்ளும்போதே நெடி அடித்தது. மோர் மிளகாயைக் கடைக்காரரே வேண்டாமென்று ஒதுக்கினார். அது உப்பிலும் மோரிலும் ஊறினது, தூளுக்கு ஆகாது என்றார். கடைசி மூட்டையில் இருந்தவை கருஞ்சிவப்பாக, தோல் முழுக்கச் சுருக்கம் விழுந்து, சப்பையாக இருந்தன. காஷ்மீரி. பெரிய ஓட்டல்காரர்கள் நிறத்துக்காக வாங்குவார்கள் என்றார் கடைக்காரர். வீடுகளுக்கு அவ்வளவாகப் போகாது, பத்தியக்காரர்கள் இருந்தால் வாங்குவார்கள் என்றும் சொன்னார்.

மாரியப்பா நகரில் இருந்த சித்தி வீட்டு மிக்ஸியில் மூன்றையும் தனித்தனியாக அரைத்தாள். நீட்டு மிளகாயை அரைத்தபோது சித்தி இருமிக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டாள். குண்டு மிளகாய்த் தூள் செங்கல் நிறத்தில், பொடித்த விதையின் மஞ்சள் புள்ளிகளோடு இருந்தது. வாசனையும் தனி. நாக்கில் வைத்ததும் முதலில் மணம், பிறகு காரம். காஷ்மீரியை அரைத்தபோது யாருக்கும் தும்மல் வரவில்லை. அவள் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தாள். லேசான உறைப்புதான். ஈரத் துணியில் மூன்றையும் தடவிக் கழுவினாள். குண்டும் நீட்டும் மங்கிய ஆரஞ்சுக் கறையாக வெளுத்தன. காஷ்மீரி மட்டும் குங்குமமாக நின்றது.

அந்தத் துணியைப் பார்த்தபடி பிரிசில்லா மிக்ஸி பக்கத்திலேயே நின்றுவிட்டாள். தில்லையம்மாளின் முந்தானை நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் அந்தக் கைக்குழந்தையின் மூக்கும். உடனே மணவாளனுக்குப் போன் செய்தாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, சரி, நாளைக்குக் காலையில் தூளைக் கொண்டு வா, எந்தக் கிண்ணத்தில் எது என்று எழுதாதே என்றார்.

மறுநாள் பட்டறையில் கூட்டம் கொஞ்சம் நெரிசலாகத்தான் இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வைத்திலிங்கம் மணவாளனுக்கு முன்பே பழக்கம். அரை மனதோடு வந்திருந்தார். பட்டம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தில்லையம்மாள் குழந்தையோடு வாசற்படியில் நின்றாள். சின்னம்மாள் உள்ளே வரவில்லை. சடையப்பனும் அறிவழகனும் வேலை செய்யும் பலகைக்குப் பின்னால் இருந்தார்கள். பலகை மேல் மூன்று கிண்ணங்களில் பிரிசில்லா அரைத்த தூள்.

மணவாளன் அறிவழகனிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார். மூன்றில் ஒன்று குண்டு மிளகாய்த் தூள். அன்றைக்குச் சந்தில் வந்த அதே வாடையை இப்போதும் அடையாளம் காட்ட முடியுமா?

அறிவழகன் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். முதல் கிண்ணத்தில் முகத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இரண்டாவதில் தும்மினார். மூன்றாவதை இரண்டு முறை முகர்ந்துவிட்டு, "இதான். இதே வாடை, இதே கலரு," என்றார்.

பிரிசில்லா மணவாளனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"அது காஷ்மீரி மிளகாய். குண்டு நீங்க ரெண்டாவதா முகர்ந்தது," என்றாள் அவள்.

"வீசினது இதுவாத்தான் இருக்கும்," என்றார் மணவாளன், சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "அதுல அவர் பொய் சொல்லல. ஆனா குண்டு மிளகாய் வாடை எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியாது. தெரியாத வாடையைத் தெரிஞ்சதாச் சொன்னாரு. ஏன்னு யோசிச்சேன். கண்ணுல மிளகாய்த் தூள் விழுந்தவன் எரியுதுன்னு சொல்லுவான். என்ன மிளகாய்னு சொல்ல மாட்டான்."

பிறகு வழக்கமான நிதானத்தோடு ஒவ்வொன்றாக விளக்கினார். சிங்காரத்தின் மில்லில் குண்டும் நீட்டும் தவிர வேறெதுவும் அரைபடுவதில்லை. நான்கு நாள் மூடிக்கிடந்த மில்லின் சுவர்த் தூளே ஆளைத் தும்ம வைக்கிறது. ஆனால் சந்தில் தரையெல்லாம் தூள் கொட்டிக்கிடந்தபோது, அதைக் கழுவித் துடைத்த தில்லையம்மாள் தும்மியதாகவே சொல்லவில்லை. அதே முந்தானையால் கைக்குழந்தையின் மூக்கைத் துடைத்திருக்கிறாள். குழந்தை கத்தவில்லை. மில் தூளாக இருந்திருந்தால் அன்றைக்கு அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருக்க வேண்டும். முந்தானையில் பிடித்த கறையும் காஷ்மீரியின் கறைதான்.

"ஒருத்தன் கண்ணைக் குருடாக்கிட்டு ஓடணும்னு நெனைக்கிறவன், கடையில இருக்கிறதுலயே காரம் கம்மியான மிளகாயை எதுக்குத் தேடி வாங்கணும்? அது யாருக்கு வேணும்? அந்தக் கண்ணு யாருதோ, அவருக்குத்தான் வேணும்."

வைத்திலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் தூள் அறிவழகனுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டார். பதிலைச் சொல்லும்படி மணவாளன் பிரிசில்லாவிடம் விட்டுவிட்டார்.

அது நேற்று இரவு சித்தி வீட்டிலிருந்து பஸ்ஸில் ஊர் திரும்பும்போதுதான் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. வயிற்றுப்புண்ணால் டீயைக்கூட விட்டுவிட்ட மனிதர், அவ்வளவு சிவப்பான குழம்பை எப்படித் தாராளமாக ஊற்றிச் சாப்பிடுகிறார்? காரமில்லாத சிவப்பு அவர் வீட்டுச் சமையலறையிலேயே டப்பாவில் இருக்கிறது. வேண்டுமானால் இப்போதே ஆள் அனுப்பிப் பார்க்கலாம் என்றாள்.

அறிவழகன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என் மச்சான் திருடன் இல்ல சார்," என்றார் சடையப்பன். "வீட்டுச் சாவி மொதக்கொண்டு அவன்கிட்டதான் இருக்குது. திருடணும்னா எப்பவோ திருடியிருப்பான்."

"திருடல," என்று ஒப்புக்கொண்டார் மணவாளன். சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பலகை மேல் பிரித்தார். பச்சையாக ஒரு சில்லு. "உமியோட்டுச் சாம்பல்ல இருந்துச்சி. நீங்க சுத்தம் பண்ணி வச்சிட்டுப் போன உமியோட்டுல சாம்பல் எப்படி வந்துச்சி?"

சடையப்பன் அந்தச் சில்லைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"கொக்கியில பத்த வச்சியா?" என்று மச்சானைக் கேட்டார். "கல்லை எறக்காமயா?"

அறிவழகன் அப்போதுதான் வாயைத் திறந்தார். பட்டம்மாள் இரண்டு முறை போன் செய்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கொக்கி கழன்று விழுந்தால் பட்டறைக்குத்தான் கெட்ட பெயர் என்று தோன்றியிருக்கிறது. மாமா ஊரில் இல்லாதபோது ஒரு வேலையைத் தானே முடித்துக் காட்ட வேண்டும் என்றும் ஆசை. ஊதிய நெருப்பு கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. கல் டப்பென்று பிளந்துவிட்டது. பயத்தில் வீட்டுத் தூளை எடுத்து வந்து, வெறும் பையை எங்கோ எறிந்துவிட்டு, சந்தில் தானே முகத்தில் வீசிக்கொண்டிருக்கிறார்; ஹெல்மெட்காரன் என்று யாருமே இல்லை.

"எட்டு வருஷமா மெருகு போட்டுக்கிட்டு மட்டுந்தான் இருக்கேன் மாமா. பத்த வைக்கற வேலையை ஒரு நாளாச்சும் குடுத்தீங்களா?" என்றார். அதைச் சொன்ன பிறகு அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

நகை எங்கே என்று வைத்திலிங்கம் கேட்டார். வெறும் பையோடு கிளம்பியவர் நகையை வெளியே கொண்டுபோயிருக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார் மணவாளன். அறிவழகன் எழுந்துபோய், மூலையிலிருந்த உமி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தார். பட்டம்மாள் அதை வாங்கி மடியில் பிரித்தார். மூன்று கல் நன்றாக இருந்தது. நான்காவது, பாதியாகப் பிளந்திருந்தது.

"இதைச் சொல்லியிருந்தா நான் என்ன உன்னை அடிச்சிருக்கப் போறனா? இதுக்காவ ஒருத்தர் ஜெயில்ல ஒக்காந்திருக்காருப்பா," என்றார் பட்டம்மாள். வாசலில் நின்ற சின்னம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் திட்டுவாள், அழுவாள் என்று பிரிசில்லா எதிர்பார்த்தாள். அவளோ வைத்திலிங்கத்திடம், எப்போது விடுவீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

கோர்ட் வேலை முடிய இரண்டு நாள் பிடித்தது. சிங்காரம் வெளியே வந்த காலையில் மணவாளனும் பிரிசில்லாவும் கேப்பர் மலைக்குப் போயிருந்தார்கள். ஒல்லியான மனிதர், தாடி வளர்ந்திருந்தது. நன்றி சொல்லிவிட்டு, அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"அந்தத் தம்பிக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லீங்களே. எதுக்கு என் பேரைச் சொன்னாரு?"

"உங்க பேரை அவர் சொல்லவே இல்ல. மிளகாய் பேரை மட்டுந்தான் சொன்னார். பொய் நம்பற மாதிரி இருக்கணும்னு ஒரு சொல்லைச் சேர்த்திருக்கார். மிச்சத்தை மத்தவங்க சேர்த்துக்கிட்டாங்க," என்றார் மணவாளன்.

சிங்காரம் அதை யோசித்துக்கொண்டு நின்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமர நிழலில் சடையப்பன் நின்றுகொண்டிருந்ததைப் பிரிசில்லாதான் முதலில் கவனித்தாள். சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். அவர் ரோட்டைக் கடக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. சின்னம்மாள் அவரைப் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சிங்காரம் மனைவியிடம் ஏதோ சொன்னார். பிறகு ரோட்டைக் கடந்து சடையப்பனிடம் போனார். சடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கையைச் சிங்காரம் பிடித்துக் கீழே இறக்கினார். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இந்தப் பக்கம் கேட்கவில்லை. டவுன் பஸ் வந்து நின்றபோதுதான் சிங்காரம் குரலை உயர்த்தினார்.

"ஏறுங்கண்ணே. அடுத்த பஸ்ஸு எப்ப வருமோ."

சிங்காரம், சின்னம்மாள், சடையப்பன் மூவரும் அதே பஸ்ஸில் ஏறினார்கள். ஆளுக்கொரு சீட்டில் தள்ளித் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள்.